படிப்பினையை எழுதிவிட்டேன், கதையைக் காணோம்

ஆயர் ஈத்தாம் மாணவி · வெள்ளி, இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். நான் படிவம் 5. மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் இலக்கியமும் எடுத்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் நாலே பேர்தான். பள்ளி விட்ட பிறகு ஒரு காலி வகுப்பறையில் பாடம் நடக்கும். எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று: சிறுகதையைப் படித்ததும் கரு, துணைக்கரு, கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்தி, மொழிநடை, படிப்பினை என்று எட்டுக் கட்டம் போட்டுக் குறிப்பு எடுக்கிறேன். கட்டமெல்லாம் நிரம்பிவிடுகிறது. ஆனால் எடுத்து முடித்ததும் கதை செத்துப்போன மாதிரி இருக்கிறது. முதல் தடவை படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்த இடம் எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. நான் தப்பாகப் படிக்கிறேனா?

இரண்டு: மாணவர் சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். 800 சொல். தொடக்கம் இது. தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்:

"கதிரவன் தன் பொற்கதிர்களைப் பூமித்தாயின் மேனியில் பரப்பிக்கொண்டிருந்த இனிய காலைப்பொழுது. பறவைகள் கீச்கீச் எனக் கீதம் இசைத்தன. அஞ்சலை பாட்டி தன் சுருக்கம் விழுந்த கைகளால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். அவளது எண்ணங்கள் சிறகடித்து, பசுமையான அந்தத் தோட்டத்து வாழ்க்கையை நோக்கிப் பறந்தன."

பின்னோக்கு உத்தி போட்டிருக்கிறேன்.

தே தாரே · வெள்ளி, இரவு 9.58

அட, இந்தக் கதிரவனா! நாலாம் ஆண்டிலிருந்து என் கட்டுரை அத்தனையிலும் உதித்தவன். இப்போது நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு, அவன் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை போலிருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. நாங்கள் எல்லாரும் அவனை வைத்துத்தான் புள்ளி வாங்கினோம்.

செந்தூல்வாசி · வெள்ளி, இரவு 10.31

தங்கச்சி, முதல் சந்தேகத்தை முதலில் பார்ப்போம். தொண்டை அடைத்த இடம் எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை என்று எழுதினீர்களே, அலசலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் செய்வது இது. முதல் முறை பென்சில் இல்லாமல் படிப்பேன். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல், என்ன ஞாபகம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுவேன். கதைச்சுருக்கம் வேண்டாம். ஒரு பொருள், ஒரு பேச்சு, ஒருவர் கையை எங்கே வைத்தார், அந்த மாதிரி. இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, அந்த இடத்துக்கு ஆசிரியர் எத்தனை வரி செலவழித்தார், அதற்கு முன்னால் அந்தப் பொருள் எங்கே ஒரு தடவை வந்துபோனது என்று தேடுவேன். பெரும்பாலும் முன்பே ஒரு முறை வந்திருக்கும். நாம் கவனிக்காத மாதிரி வைத்திருப்பார்கள்.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' படித்திருக்கிறீர்களா? (அவர் 1950களில் நம் கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். இங்கே இலக்கிய வட்டமும் நடத்தினார். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.) பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவர், இரண்டு டைரியை இரண்டு பேருக்குக் கொடுக்கிறார். சாரங்கராஜன் என்ற பையனுக்கு இல்லை. அவன் இவரைத் தன் வீட்டுக்கு வரச்சொல்கிறான், உபசரிக்கிறான், கடைசியில் தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தன் பெயர் போட்டு அன்பளிப்பு என்று எழுதித்தரச் சொல்கிறான். அவ்வளவுதான்.

எனக்கு அந்தக் காலத்தில் ட்யூஷனில் எழுதித்தந்த படிப்பினை: 'பிள்ளைகளிடம் பாரபட்சம் காட்டக்கூடாது.' தப்பில்லை. ஆனால் அந்தப் படிப்பினையை வைத்துக்கொண்டு ஆயிரம் கதை எழுதலாம், ஆயிரமும் மோசமாக இருக்கும். அப்படியென்றால் இது மட்டும் ஏன் நிற்கிறது? யார் சொல்கிறார் என்று பாருங்கள். டைரி கிடைக்காத பையன் சொல்லவில்லை, கொடுக்காமல் விட்டவர் சொல்கிறார். அதுவும் கெட்டவர் இல்லை, பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறவர். பையன் சொல்லியிருந்தால் அது புகார். விட்டவரே சொல்வதால், தான் செய்தது என்ன என்று அவருக்கு உறைக்கிற நேரத்தில்தான் நமக்கும் உறைக்கிறது. 'நோக்குநிலை: தன்மை' என்று கட்டத்தில் இரண்டு சொல் எழுதிவிட்டுப் போகிறோமே, அந்த இரண்டு சொல்லுக்குள் கிடப்பது இவ்வளவு.

உங்கள் தொடக்கத்தைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். காலையில் வேலை.

தே தாரே · வெள்ளி, இரவு 10.50

அண்ணே, சோதனைக்காக இதே கதையைச் சாட்ஜிபிடியிடம் அலசச் சொன்னேன். அழகாக எட்டுத் தலைப்பும் போட்டது. டைரிக்குப் பதில் சைக்கிள் வாங்கிக்கொடுத்துவிட்டது. பையன் மகிழ்ச்சியில் கண்ணீர் விடுகிறானாம்.

இலக்கிய டீச்சர் · சனி, காலை 7.15

பசியாறிவிட்டு வந்து பார்த்தால் இவ்வளவு நீளம் போயிருக்கிறது!

செந்தூல்வாசி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டத்தின் மேல் கோபப்படாதே மா. புள்ளி குறைவது கட்டத்தால் இல்லை. கட்டத்துக்குள் எந்தக் கதைக்கும் பொருந்துகிற வரியை எழுதுவதால்தான். 'கரு: தாய்ப்பாசம்.' எந்தத் தாய்? எந்தப் பாசம்? 'இரவு ஷிப்ட் வேலைக்குப் போகிற அம்மா, தூங்குகிற பிள்ளையிடம் மட்டுமே காட்ட முடிகிற பாசம்' என்று எழுதினால் அது ஒரு கதையைத் தொடுகிறது. என் மாணவர்களுக்கு நான் வைக்கும் சோதனை: விடையில் கதைத்தலைப்பையும் பாத்திரப் பெயர்களையும் விரலால் மறைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளிடம் காட்டு. எந்தக் கதை என்று அவள் சொல்லிவிட்டால் உன் விடை விடைதான். சொல்ல முடியவில்லை என்றால் அது வெறும் பொதுப்பேச்சு.

உத்தியும் அப்படித்தான். வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915-இல் வந்தது. மரமே கதை சொல்லும். 'உத்தி: அஃறிணைப் பொருள் பேசுதல்' என்று எழுதினால் ஒரு புள்ளி. அதற்கு மேலே ஒரு கேள்வி கேட்டுப் பார்: ஏன் மரம்? அந்தப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் அவள் குளத்தில் இறங்கும்போதும் அது அங்கேதான் நிற்கிறது. ஒரு கிளையை நீட்டித் தடுக்க முடியாது. இதை எழுதும் மாணவிக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன் (விதிமுறை அனுமதிக்கும் வரை).

கதை எழுதுவது வேறு. அங்கே நான் கொஞ்சம் குற்றவாளி. கதிரவன், பழமொழி, இரட்டைக்கிளவி, கடைசியில் ஒரு குறள் என்று கட்டுரைக்குச் சொல்லிக்கொடுத்ததே எங்களைப் போன்றவர்கள்தான்.

பிறைக்காரன் · சனி, காலை 11.20

நான் கொஞ்சம் காட்டமாகச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

தோட்டம், பாட்டி, கண்ணீர். நம் ஊர் மாணவர் போட்டிக் கதைகளில் பாதி இதுதான். பத்து காவானில் 2014-இல் திறந்த பினாங்கின் இரண்டாவது பாலம் வந்து இறங்குகிறது, ஐகியா கடை இருக்கிறது, சுற்றிலும் தொழிற்சாலை. நம் பிள்ளைகள் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். கதையில் மட்டும் இன்னும் லயத்து வீட்டு வாசலில் பாட்டி உட்கார்ந்து அழுகிறாள்.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (பட்டையைச் சீவிப் பால் எடுப்பது). தோட்டம் ஞாபகம் வந்தால் அவருக்குக் கண்ணீர் வராது, கெட்ட வார்த்தைதான் வரும். நிறுவையில் பாலைக் குறைத்து எழுதிய கிராணியை இன்றைக்கும் திட்டுவார்.

அப்புறம் அந்தக் கதிரவன். பால் வெட்டுகிறவருக்குச் சூரியன் பொற்கதிர் இல்லை தங்கச்சி, அவசரம். குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து நின்றுவிடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிறைக்கு (தங்கள் மர வரிசைக்கு)ப் போவார்கள். உங்கள் கதிரவன் எழுந்திருக்கும்போது பாட்டி பாதி மரத்தை முடித்திருப்பார். ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது, பாட்டியிடம் நீங்கள் எதுவும் கேட்கவில்லை என்று.

ஆயர் ஈத்தாம் மாணவி · சனி, மதியம் 2.05

எனக்குக் கோபம் வந்தது, அண்ணே. அரை மணி நேரம் கழித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது சரி, நான் கேட்கவில்லை. என் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். எங்களோடு 12ஆம் மாடியில் ஏழு வருடமாக இருக்கிறார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பாட்டி என்றால் கதையில் அழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவர் நாள் முழுக்கச் சீரியல் பார்ப்பார், அம்மாவிடம் குறை சொல்வார், இரவில் எல்லாரும் தூங்கப்போன பிறகு அடுப்படியில் இருக்கும் டம்ளர், கிண்ணம் எல்லாவற்றையும் கவிழ்த்து வைப்பார். எல்லாவற்றையும் 'மங்கு' என்றுதான் சொல்வார். காலையில் அம்மா முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் நிமிர்த்துவார். இதில் என்ன கதை இருக்கிறது? அதனால்தான் கண்ணீர் போட்டேன்.

தே தாரே · சனி, மதியம் 2.11

ஐயோ. இதில் என்ன கதை இருக்கிறதா???

பிறைக்காரன் · சனி, மதியம் 2.40

என் வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். மரத்தில் பால் வடிந்து விழும் கோப்பைக்கும் மங்கு என்றுதான் பெயர். வெட்டு இல்லாத நாளில் மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். என் அம்மா எனக்குச் சின்ன வயதில் கொடுத்த வேலையே அதுதான். அவர் ஒரு நிறை நான் ஒரு நிறை என்று கவிழ்த்துக்கொண்டே போவோம்.

ஏழு வருடமாக 12ஆம் மாடியில் மங்கு கவிழ்த்துக்கொண்டிருக்கிறார் உங்கள் பாட்டி. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

செந்தூல்வாசி · சனி, இரவு 8.17

வேலை முடிந்து வந்து பார்த்தால் கதையே கிடைத்துவிட்டது. கதிரவன், பறவை, கண்ணீர் மூன்றையும் தூக்கிவிடுங்கள். டம்ளரில் தொடங்குங்கள்.

இப்போது ஒரே ஒரு ஆபத்து: விளக்கம். 'அன்று தோட்டத்தில் மங்கைக் கவிழ்த்த அதே கைகள் இன்று...' என்று ஒரு வரி உங்கள் பேனாவுக்குள் தயாராக இருக்கும். அதை எழுதாதீர்கள்.

இலக்கிய டீச்சர் · சனி, இரவு 8.45

இங்கே நான் ஒத்துப்போகவில்லை. போட்டி நடுவர் கோலாலம்பூரில் வளர்ந்த முப்பது வயதுக்காரராக இருந்தால்? மங்கு என்றால் அவருக்குச் சாப்பாட்டுக் கிண்ணம் மட்டும்தான். பால்மரத்தையே கண்ணால் பார்த்திருக்க மாட்டார். விளக்கமே இல்லாவிட்டால், ஒரு பாட்டி டம்ளரைக் கவிழ்க்கிறார், அம்மா நிமிர்த்துகிறார், அவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கும்.

செந்தூல்வாசி · சனி, இரவு 9.10

விளக்கம் வேண்டாம் என்றால் தகவலே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை டீச்சர். தகவல் முன்னாலேயே வந்துவிட வேண்டும், வேறு ஏதோ வேலையாக. ஒரு பழைய போட்டோ, மரத்தடியில் பாட்டி, மரத்தில் கம்பியில் தொங்கும் மங்கு. பேத்தி அதைப் பள்ளிப் புரோஜெக்ட்டுக்காகப் பெயர் எழுதி ஒட்டுகிறாள், பாட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறார்: காண்டா வாளி, மங்கு, கோட்டுப்பால். படிப்பவர் கடந்துபோய்விடுவார். பின்னால் டம்ளர் வரும்போது அவரே சேர்த்துக்கொள்வார். நேற்று சொன்னேனே, ஒரு பொருள் முன்னால் ஒரு தடவை வந்துபோயிருக்கும் என்று. எழுதுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இதுதான்.

இலக்கிய டீச்சர் · சனி, இரவு 9.22

புரோஜெக்ட் நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும்: 1950-இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகையிலேயே பாடம். அதில் எழுதிப் பழகியவர்கள் சிலர் பின்னாளில் இங்கே பெரிய எழுத்தாளர்கள் ஆனார்கள். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுபோனது. நேற்றிலிருந்து இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான்.

ஆயர் ஈத்தாம் மாணவி · ஞாயிறு, மாலை 6.30

எல்லாருக்கும் ஒரு கெட்ட செய்தி.

இன்றைக்குப் பாட்டியிடம் கேட்டேன். சீரியலுக்கு நடுவில் விளம்பரம் வந்தபோது. "பாட்டி, ஏன் மங்கையெல்லாம் கவுத்து வைக்கிறீங்க? தோட்டத்துல மாதிரியா?" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "பல்லி எச்சம் போடுது. ஒங்கம்மாவுக்குக் கண்ணு தெரியல" என்றார். சீரியல் வந்துவிட்டது.

கதை போய்விட்டதா?

தே தாரே · ஞாயிறு, மாலை 6.33

😂😂😂 பல்லி!

பிறைக்காரன் · ஞாயிறு, மாலை 6.58

நேற்று நான் உருகியதெல்லாம் பல்லிக்காகவா!

ஆனால் தங்கச்சி, இப்போதுதான் இது நான் படிக்க விரும்பும் கதை. தோட்டத்து ஏக்கம் யாருக்கு என்று பாருங்கள். பாட்டிக்கா? இல்லை. தோட்டத்தைக் கண்ணால் பார்க்காத உங்களுக்கு. எனக்கு. இதோ இங்கே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிய எல்லாருக்கும். பாட்டி வாழ்ந்துவிட்டு வந்துவிட்டார், அவருக்கு இப்போது பிரச்சினை பல்லி.

செந்தூல்வாசி · ஞாயிறு, இரவு 7.40

ஆமாம். நேற்று நான் சொன்ன கதையைவிட இது நல்ல கதை, கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். நான் சொன்னதில் பேத்தி வெறும் கேமரா. இப்போது அவளுக்கு ஒரு ஆசை இருக்கிறது: பாட்டி தோட்டத்தை நினைத்து ஏங்க வேண்டும், அதை வைத்துப் புரோஜெக்ட் முடிய வேண்டும். பாட்டி அதைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். கேட்கிறவள் ஒன்று எதிர்பார்த்து, கிடைப்பது வேறாக இருந்தால், நீங்கள் 'சிக்கல்' என்று கட்டத்தில் எழுதுவது தானாக வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: பல்லியைக் கடைசி வரியில் போட்டு ஜோக்காக முடித்துவிடாதீர்கள். நடுவிலேயே வரட்டும். அதற்குப் பிறகு பேத்தி என்ன செய்கிறாள் என்பதுதான் முடிவு.

இலக்கிய டீச்சர் · ஞாயிறு, இரவு 8.05

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாட்டி சொன்னது உண்மைதான் என்று யார் சொன்னது? ஏழு வருடப் பழக்கத்துக்கு மனிதர் கையில் கிடைத்த காரணத்தைச் சொல்வார். பல்லியும் இருக்கலாம், தோட்டமும் இருக்கலாம். நீ முடிவு கட்டாதே மா. இரண்டுக்கும் இடம் விட்டு எழுது.

ஆயர் ஈத்தாம் மாணவி · புதன், இரவு 11.12

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். தொடக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

"பாட்டி ஒன்பது டம்ளரையும் கவிழ்த்துவிட்டு, பத்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். 'இன்னுமா படிக்கிற?' என்றார். நான் படிக்கவில்லை. மேசைமேல் இருந்த போட்டோவில் எதற்கு என்ன பெயர் என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். மரம். வாளி. மங்கு. போட்டோவில் இருந்த பெண்ணுக்கு மட்டும் இன்னும் எதுவும் எழுதவில்லை. இருபது வயதுதான் இருக்கும், கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். 'பாட்டி' என்று எழுதினால் பொருத்தமாக இல்லை. பெயர் எழுதலாம் என்றால், பெயருக்கு எந்த 'ல' போடுவார் என்று தெரியவில்லை."

போட்டோ நிஜமாகவே எங்கள் வீட்டில் இருக்கிறது. முறைப்பதும் நிஜம். கதைக்குள் அஞ்சலை இல்லை, வேறு பெயர் வைத்திருக்கிறேன். இது வரைக்கும் 412 சொல்.

பிறைக்காரன் · புதன், இரவு 11.30

எந்த 'ல' என்பது எனக்குப் போதும். நான் இனி வாயைத் திறக்க மாட்டேன்.

செந்தூல்வாசி · வியாழன், காலை 6.50

எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். 'பொருத்தமாக இல்லை' என்பதற்கு அடுத்த வரி வரும்போது மஸ்ஜித் ஜாமெக் தாண்டிப் போய்விட்டது, இறங்க மறந்துவிட்டேன். ஒரே திருத்தம்: முதல் வரியில் 'என்னைப் பார்த்தார்' தேவையா? அடுத்த வரியில் பேசுகிறாரே, பார்க்காமலா பேசுவார்.

இலக்கிய டீச்சர் · வியாழன், காலை 7.20

'பார்த்தார்' இருக்கட்டும், பத்தாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதில் ஏதோ இருக்கிறது. ஆண்கள் கத்திரியை எடுத்தால் கீழே வைப்பதில்லை.

அது சரி மா, சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு வேலை. உன் கதைக்கே நீ எட்டுக் கட்டம் போட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டு வா. பார்ப்போம்.

ஆயர் ஈத்தாம் மாணவி · வியாழன், மாலை 4.48

டீச்சர்... நீங்கள் எங்கள் டீச்சரா??? வகுப்பு சனிக்கிழமைக்கு மாறியது எங்கள் நாலு பேருக்குத்தானே தெரியும்!

இலக்கிய டீச்சர் · வியாழன், மாலை 5.02

நாலு பேர்தானே, கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தேன். ஆறு நாள் ஆகியிருக்கிறது. குறிப்பு எங்கே?

ஆயர் ஈத்தாம் மாணவி · வியாழன், இரவு 9.15

ஏழு கட்டம் முடித்துவிட்டேன் டீச்சர். படிப்பினை என்ற இடத்தில் இப்போதைக்குப் 'பல்லி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.